சூரிய மின்சாரமும் சேமக்கலமும்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்ததை மயிலாப்பூர், அடையாறு வாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். சாய்ந்த மரங்கள் மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு வீழ்ந்தன. பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அதன் பிறகு மொட்டை மாடியில் சூரிய ஒளித் தகடு பொருத்துவோர் பெருகியுள்ளனர். ஆனால் அவர்களில் அநேகர் ஒரு விஷயத்தை அறியாதிருக்கக் காண்கிறோம். மின்வாரியக் கம்பியோடு இணைந்து, சேமக்கலம் இன்றி இயங்கும் அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் கீழே விசிறி சுழலாது. கம்பியைப் பழுது பார்க்கும் தொழிலாளியின்மீது நம் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

ஆகவே, மின்சாரம் நின்ற வேளைக்குத் துணை வேண்டுவோர், பேச்சுவழக்கில் பாட்டரி எனப்படும் சேமக்கலத்தையும் அதற்கேற்ற இன்வெர்ட்டரையும் வாங்கியாக வேண்டும். 1859-இல் பிரான்சு தேசத்தின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில வகையே நம் வீடுகளில் இன்றும் மிகுதி. மின்சாரத்தைச் செலவிடும்போது ஈயத் தகடுகளின்மேல் ஈயச் சல்பேட் படிகிறது; மீண்டும் ஏற்றும்போது அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. நெடுநாள் காலியாகக் கிடந்தால் அப்படிவு இறுகிப்போய், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் மாறுவதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி சேமக்கலத்தில் அடங்குவது 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். இதில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எஞ்சிய 900-இலும் இன்வெர்ட்டரில் ஒரு பங்கு வீணாகிறது. கைக்கு வருவது சுமார் 750. பழைய விசிறி இரண்டும் (ஒவ்வொன்றும் 75 வாட்) 9 வாட் விளக்கு நான்கும் எரிந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். 30 வாட் விசிறிகளாக மாற்றினாலோ ஏழு மணிக்கும் மேல்! பெரிய சேமக்கலத்துக்குப் பணம் கட்டுமுன் விசிறியை மாற்றுவதே சிக்கனம் என்பது நம் அபிப்பிராயம்.

அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் குழுவினரும் இவ்வழியில் மேலும் ஒரு படி சென்றனர். தகடு தருவதும் சேமக்கலம் தருவதும் நேர் மின்சாரமே. அதை மாறு மின்சாரமாக்குவதில் ஏன் இழக்க வேண்டும் என எண்ணி, விளக்கும் விசிறியும் நேராகவே இயங்கும் 48 வோல்ட் அமைப்பை உருவாக்கினர்.

தியாகராய நகரில் ஒரு சங்கத்தின் சேலை விற்பனைக் கிளையைத் தணிக்கை செய்தபோது, இரண்டே ஆண்டுகளில் இரண்டாம் சேமக்கலம் வாங்கியதற்கான பற்றுச்சீட்டு நம் கண்ணில் பட்டது. நெசவாளரின் பங்குப் பணம் அல்லவா? விசாரித்தோம். மாடியில் தகரக் கொட்டகையில், கடும் வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஈயச் சேமக்கலத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. போதாக்குறைக்கு, வற்றிய நீருக்குப் பதில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினார்களாம்! அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிட்டன. ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வைக்குமிடம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும்; மின்சாரம் ஏற்றும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், பூஜை விளக்கின் அருகே கூடவே கூடாது.

நீர் ஊற்றத் தேவையில்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையும் கிடைக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு மின்சாரத்தைத் தயங்காமல் எடுக்கலாம். பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கலாம். முதல் விலை அதிகம். நாள்தோறும் சூரிய மின்சாரத்தைச் சேமித்து இரவில் செலவிடுவோருக்கு அவ்விலை கட்டும். ஆண்டில் சில தடவையே மின்தடை காண்போருக்கு ஈயமே போதும்.

அந்தக் கிளையில் இன்னொன்றும் கேட்டோம்: பழைய சேமக்கலம் எங்கே? ஈயத்துக்கு விலை உண்டு. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்றார் கணக்கர். இருப்புப் பதிவேட்டிலோ அது இன்னும் புத்தம்புதியதாக நின்றது. கடைக்காரர் கழித்துத் தந்த தொகை, நாம் எழுதிய குறிப்புக்குப் பின் வரவில் ஏறியது.