மனத்தின் கதவுகளும் கலைஞனின் கையும்

மேனாட்டு ஓவியம், இசை பற்றிய எழுத்துகளில் "சைக்கடெலிக்" என்ற சொல்லை அடிக்கடி காண்கிறோம். மனம், வெளிப்படுத்தல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, உளநோய் மருத்துவரான ஹம்ப்ரி ஒஸ்மண்ட் 1956இல் இதனை ஆக்கினார். எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லியுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் பிறந்த சொல் இது. மெஸ்கலின், எல்.எஸ்.டி. போன்றவை புலனுணர்வை மாற்றுவதால் உண்டாகும் அனுபவத்தை இது குறிக்கும்.

1953 மே மாதத்தில் ஒஸ்மண்டின் மேற்பார்வையில் ஹக்ஸ்லி மெஸ்கலின் உட்கொண்டார். பூச்சாடியிலிருந்த சில மலர்கள், ஒரு நாற்காலி, தமது காற்சட்டையின் மடிப்புகள் ஆகியவையே அவருக்குப் பேரதிசயமாகத் தோன்றின. மறு ஆண்டு அவர் வெளியிட்ட "த டோர்ஸ் ஒஃப் பெர்செப்ஷன்" என்ற நூலின் தலைப்பு, கவிஞர் வில்லியம் பிளேக்கின் வரியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பிளேக்கோ எந்த மருந்தின் துணையுமின்றிக் காட்சிகள் கண்டவர்! 1965இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தோன்றிய "த டோர்ஸ்" இசைக்குழுவின் பெயரும் இவ்வழி வந்ததே.

அப்படியாயின், மருந்து கலையைத் தருகிறதா? இரு உதாரணங்களைப் பார்ப்போம்.

பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய கவிஞரும் ஓவியருமான ஹென்றி மிஷோ, ஐம்பது வயதைக் கடந்த பின்னரே மெஸ்கலினைப் பரிசோதித்தார். 1956இல் வெளியான அவரது நூலில், பூமியதிர்ச்சிமானியின் பதிவுபோல நடுங்கும் மெல்லிய கோடுகள் பக்கங்களை நிறைக்கின்றன. பல்லாண்டுகள் பழகிய கை வரைந்த கோடுகள் அவை. அந்நூலுக்கு அவர் இட்ட பெயரோ "அவலமான அற்புதம்" என்பதாகும்.

அடுத்தது, 1966 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழுவினர் லண்டனில் பதிவு செய்யத் தொடங்கிய "டுமொரோ நெவர் நோஸ்" என்ற பாடல். திபெத்திய மரண நூலைத் தழுவி டிமதி லியரி முதலிய மூவர் எழுதிய வழிகாட்டி நூலே ஜோன் லெனனுக்குத் தூண்டுதலாயிற்று. எல்.எஸ்.டி. அனுபவத்தைப் பாடலாக்க அவர் விரும்பினார். ஆனால் அந்த ஒலி எப்படிப் பிறந்தது? தம்புராச் சுருதி பின்னணியில் நின்றது. நுனிகள் ஒட்டப்பட்ட ஒலிநாடா வளையங்கள் சுழன்றன. மின் ஓர்கனுக்குரிய சுழலும் ஒலிபெருக்கியினூடாக லெனனின் குரல் செலுத்தப்பட்டது. கடற்பறவையின் கூச்சலாக நாம் கேட்பது, வேகம் மாற்றப்பட்ட மனிதச் சிரிப்பே. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும், இருபது வயதேயான ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் பொறுமையோடு இழைத்த வேலை அது. மயக்கத்தைக் கேட்பவருக்கு உணர்த்த, மயங்காத காதுகள் தேவைப்பட்டன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "பிங்க் புளோயிட்" குழுவின் முதல் அல்பம் 1967இல் வெளிவந்தது. அதன் பாடல்களிற் பெரும்பாலானவற்றை எழுதியவர் சிட் பரெட். மறு ஆண்டே, மனநிலை குலைந்த நிலையில், அவர் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. எல்.எஸ்.டி. பாவனை அதற்கு எவ்வளவு காரணம் என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1975இல் நண்பர்கள் அவரை நினைந்து நீண்ட பாடலொன்றைப் படைத்தனர். 2006இல் மறையும் வரை அவர் பல்லாண்டுகள் கேம்பிரிட்ஜில் ஒதுங்கியே வாழ்ந்தார்.

கதவு திறந்தால் காட்சி தெரியலாம். ஆனால் கண்டதைப் பிறருக்குக் காட்டத் திரும்பி வரவேண்டும். வந்தபின் உழைக்கவும் வேண்டும். மிஷோ திரும்பி வந்தார். பரெட்டின் திறமை திரும்பி வரவில்லை.