பறவையின் காற்சிலம்பு

வாடைக்காற்று எழுந்து பரவைக்கடலில் நீர் பெருகும் காலத்தில், அல்லைப்பிட்டிக் கரையும் அதனை அடுத்த மண்டைதீவுக் கரையும் புதிய குடிகளைப் பெறுகின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரில் நிரைநிரையாக நின்று மேய்கின்றன. ஊசிவால் தாராக்களும் நீலச்சிறகிகளும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. சோளகம் தொடங்குமுன் அவற்றுட் பெரும்பாலானவை மறைந்துவிடும். இவை எங்கிருந்து வந்தன, எங்குச் சென்றன என்ற வினா மிகப் பழையது. செங்கால் நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவர், அது தென்றிசை வந்து வடதிசை மீளும் வழக்கத்தை நன்கறிந்திருந்தார்.

ஐரோப்பியர்க்கு இதன் விடையை ஒரு வேட்டையே அளித்தது. குளிர்காலத்தில் பறவைகள் சேற்றுள் புதைந்து உறங்கும் என்று கற்றோரும் எண்ணியிருந்த காலம் அது. 1822ஆம் ஆண்டில் ஜெர்மனியின் குளூட்ஸ் என்னும் ஊரருகே சுடப்பட்ட நாரையொன்றின் கழுத்தை, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஈட்டியொன்று ஊடுருவி நின்றது. ஈட்டியோ ஆபிரிக்கர் கைவேலை. ஆபிரிக்காவில் எறிபட்ட அந்நாரை, ஈட்டியைச் சுமந்தபடியே ஐரோப்பாவுக்கு மீண்டிருந்தது. ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் அதன் உடல் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

கொல்ல எறிந்த ஈட்டி சான்றாயிற்று. கொல்லாமலே சான்று பெறும் வழியைக் கண்டவர் ஓர் ஆசிரியர். டென்மார்க்கின் வீபோர்க் நகரில் கற்பித்த மோர்ட்டென்சன், 1899இல் மைனா இனத்தைச் சேர்ந்த 165 குருவிகளைப் பிடித்து, எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களை அவற்றின் கால்களில் மாட்டிப் பறக்கவிட்டார். கண்ணகியின் காற்சிலம்பு மதுரையில் உண்மையை உரைத்ததுபோல, இச்சிறு வளையமும் பறவை சென்ற வழியை உரைக்கும். ஆயினும் அதனை அவைக்குக் கொண்டுசெல்ல ஒருவர் வேண்டுமன்றோ?

நம் பகுதியில் இப்பணியைப் பெருமுயற்சியாக நடத்தியது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். சலீம் அலியின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, 1959இல் அதன் வலசை ஆய்வு தொடங்கியது. பரத்பூரில் வளையமிடப்பட்ட தாராக்கள் பல, சோவியத் நாட்டு வேட்டைக்காரர் கையில் அகப்பட்டன. அவர்கள் வளையத்தை எறிந்துவிடாது அறிவித்தமையாலேயே அத்தாராக்களின் கோடைகால வாழிடம் தெரியவந்தது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள கோடியக்கரையிலும் இக்கழகம் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டுள்ளது. இலங்கையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கள பறவையியல் குழுவும் வனசீவராசிகள் திணைக்களமும் 2005இல் தேசிய வளையமிடும் திட்டத்தைத் தொடங்கின. 2021இல் மன்னாரிலிருந்து செய்மதிக் கருவியோடு பறந்த ‘மேகா’ என்னும் கடற்காகம், ஆர்க்டிக் வரை சென்று மீண்டது. கருவி தானே செய்தி அனுப்பும். வளையமோ காண்பவர் வாய்திறக்கும்வரை ஊமை.

ஆங்கிலேயர் காலத்தில் தாரா வேட்டை ஒரு பொழுதுபோக்கு. இன்றோ 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் வலசைத் தாராக்களைக் கொல்வதைத் தடுக்கின்றன. எனவே இங்கு வளையத்தைக் காணக்கூடியவர் பெரும்பாலும் கடற்றொழிலாளரே: வலையிற் சிக்கியதாக அல்லது கரையில் இறந்து ஒதுங்கியதாக அது அவர் கண்ணிற் படலாம். சட்டத்திற்கு அஞ்சி அதனைக் கடலில் எறியத் தோன்றுவது இயல்பு. அன்னிய எழுத்துக் கண்டு ஐயுறுவதும் புதிதன்று. 2013இல் எகிப்தில் கருவி தாங்கிய நாரையொன்றை உளவாளியெனப் பிடித்துக் காவலில் வைத்தனர். நெடும்போரைக் கண்ட தீவகத்தில் அத்தகைய அச்சத்தை எள்ளுவது முறையன்று; அதைப் போக்குவதே முறை.

செய்யவேண்டியது எளிது. பறவை உயிருடனிருந்தால் வளையத்தைக் கழற்றலாகாது. எழுத்தையும் எண்ணையும் குறித்து, இயலுமாயின் படம்பிடித்து, விட்டுவிட வேண்டும். காலில் நிறக்கொடி இருப்பின் அதன் நிறத்தையும் எழுதுக. இறந்த பறவையாயின் வளையத்தைப் பத்திரப்படுத்தலாம். கண்ட நாள், இடம், கண்ட விதம் ஆகியவற்றோடு, மேற்கூறிய குழுவுக்கோ திணைக்களத்துக்கோ தெரிவித்தல் போதும். தாமே எழுதத் தயங்குவோர்க்கு ஊர்ப்பள்ளி ஆசிரியர் துணைநிற்கலாம். இக்கலையைத் தொடங்கிவைத்தவரும் ஓர் ஆசிரியரே அல்லரா?

அல்லைப்பிட்டிக்கு இந்நீதி புதிதன்று. 1970களில் இம்மண்ணிலிருந்து சொங் அரசர் காலத்துச் சீன மட்பாண்டச் சிதறல்கள் வெளிப்பட்டன. 2018இல் சங்காய் அரும்பொருளகத்தாரும் வந்து அகழ்ந்தனர். உடைந்த ஓட்டுக்குத் தன்னளவில் விலையில்லை. இன்ன இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பே அதனைக் கடல்வணிகத்தின் வரலாறாக்கியது. காலில் வளையத்துடன் வரும் தாராவும் அத்தகையதே. ‘அல்லைப்பிட்டி’ என்ற ஊர்ப்பெயரை அதன் எண்ணோடு சேர்த்து எழுதுவார் ஒருவர் இருந்தால், நம் கரையும் அப்பறவையின் வழியில் ஓரிடமாகப் பதிவாகும்.