அம்மாவுக்கும் சொல்லாமல் வேலை தேடுவது எப்படி?

புதுக்குடியிருப்பிலிருக்கும் என் சின்னம்மாவின் மகன் கட்டாரில் வெல்டர். இரண்டு மாதச் சம்பளம் பிந்தியிருந்த நேரம், "வேறை கொம்பனி பாக்கிறன் அம்மா" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினான். சின்னம்மா அதைத் தன் தங்கைக்குத் தட்டிவிட்டா. தங்கையின் மருமகன் முள்ளியவளைக்காரர். மருமகனின் தமையன், எங்கள் வெல்டர் தம்பி வேலை செய்கிற அதே கம்பனியில் போர்மன். விடியப் போன பதிவு பின்னேரம் கட்டாருக்கே திரும்பி வந்துவிட்டது. "போகப் போறியாம், உண்மையோ?" அடுத்த நாள் ஓவர்டைம் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

வன்னியில் வேலை தேடுவது என்றால் நாலு பேரிடம் சொல்லி வைப்பதுதான். கரடிப்போக்குச் சந்தியில் தேநீர் குடித்தபடி "ஏதும் இருந்தால் சொல்லுங்கோ அண்ணை" என்றால் போதும், பரந்தனில் மேசன் வேலையோ வவுனியாவில் கடை வேலையோ எங்கேயாவது கிடைக்கும். சொன்னது பழைய முதலாளியின் காதுக்குப் போனாலும் பெரிய நட்டமில்லை. கோபித்தால் வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான். வேலை விசாவில் போனவருக்கு அந்த வசதி கிடையாது. படுக்கிற கட்டில், சாப்பாடு, அடையாள அட்டை எல்லாமே கம்பனியின் பெயரில். வேலை போனால் அந்த நாட்டில் நிற்கிற உரிமையும் கூடவே போகும். ஊரில் ஏஜென்சிக்குக் கட்டிய காசின் வட்டி மட்டும் நிற்காது.

சட்டம் முன்பைவிட இளகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாரில் முன்னர் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம், அதாவது என்.ஓ.சி., இல்லாமல் அசைய முடியாது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் வரை வேலை செய்தவர் ஒரு மாதம், அதற்கு மேல் செய்தவர் இரண்டு மாதம் முன்கூட்டி அறிவித்தால் போதும். விண்ணப்பம் தொழில் அமைச்சின் இணைய முறை வழியே போகும். பழைய கம்பனிக்கும் அப்போதே தகவல் போகும். சவூதியில் 2021 மார்ச் 14 முதல், ஒப்பந்தத்தில் ஒரு வருடம் முடித்தவர் 'கிவா' தளத்தின் மூலம் மாறலாம். ஆனால் வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் இந்தச் சீர்திருத்தத்துக்குள் சேர்க்கப்படவில்லை.

காகிதத்தில் இருப்பது இது. தொழிலாளர் முகாமில் நடப்பது வேறு. சட்டம் மாறிய பிறகும் முத்திரை குத்திய கடிதம் கேட்கிற புதிய கம்பனிகளும் உண்டு, ஆள் தலைமறைவு என்று முறைப்பாடு போட்டுப் பழி தீர்க்கிற பழைய கம்பனிகளும் உண்டு. மனித உரிமை அமைப்புகள் இவற்றைப் பதிவு செய்திருக்கின்றன. தலைமறைவு என்று ஒருமுறை பதிந்துவிட்டால் பிடித்து அனுப்பும் வரைக்கும் அது போகலாம். ஆகவே அறிவித்தல் கொடுக்கிற நாள்வரைக்கும் வாயைக் கட்டுவது தற்காப்பு. அந்த நாளுக்குப் பிறகு எல்லாம் வெளிச்சத்திலேயே நடக்க வேண்டும். அறிவித்தல் காலத்தில் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விடக்கூடாது.

சரி, வாயைக் கட்டிக்கொண்டு யாரிடம் கேட்பது?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை தரம் காண்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி காண்போம் என்றவர்கள் நூற்றுக்குப் 17 பேர் அளவில்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது மிக அரிதாகக் காண்பவர் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். நெருங்கிய உறவுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். தூரத்து அறிமுகந்தான் புதுச் செய்தி கொண்டுவரும். எங்கள் ஊர்க்காரருக்கு இதில் இரட்டை லாபம். தூரத்து அறிமுகத்துக்கு எங்கள் சின்னம்மாவைத் தெரியாது.

அந்த வகையில் முதலில் வருபவர்கள் இதே கம்பனியை விட்டுப் போனவர்கள். உங்கள் கைவேலையின் சுத்தம் அவர்களுக்குத் தெரியும். கம்பனியின் குணமும் தெரியும். திரும்பிப் போய்ப் போட்டுக்கொடுக்க அவர்களுக்குக் காரணமில்லை. நற்சான்று சொல்லவும் அவர்களே நல்லவர்கள். இப்போதைய மனேஜரின் இலக்கத்தைக் கொடுத்தால் இரகசியம் அன்றோடு முடிந்தது. அடுத்து, என்.வி.கியூ. தொழிற்பயிற்சி படித்த காலத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள். கேட்கிற விதமும் இருக்கிறது. "வேலை இருக்கோ?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "உங்கடை இடத்திலை 6ஜி வெல்டிங் டெஸ்ட் யார் எடுக்கிறது? சம்பளம் திகதிக்கு வருதோ?" என்று கேட்டால் மனிதர் கதைக்கத் தொடங்குவார். குழுவில் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை நேரில் கண்டு கதைப்பது எல்லாவற்றையும்விடப் பத்திரம்.

கம்பனி தந்த போன், கம்பனி வைபை, கம்பனி மின்னஞ்சல் மூன்றையும் இதற்குத் தொடக்கூடாது. லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ஆட்சேர்ப்பவர்களுக்கு மட்டும் காட்டுகிற வசதி உண்டு. உங்கள் கம்பனியின் ஆட்சேர்ப்பாளருக்கு அதைக் காட்டாமலிருக்க முயல்கிறோம், முழு உத்தரவாதம் தர மாட்டோம் என்று அந்தத் தளமே சொல்கிறது. வேலைத்தளத்தில் நின்று எடுத்த படங்களையும் போடாதீர்கள். எரிவாயு ஆலைக்குள் படம் எடுத்ததே தனிக் குற்றமாகிவிடலாம்.

பிரித்தானியாவுக்குப் பராமரிப்பு வேலை விசாவில் போனவர்களின் பாடு இன்னொரு மாதிரி. அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். உள்ளே நிற்பவர் மாறலாம், ஆனால் புதிய முதலாளியின் சி.ஓ.எஸ்., அதாவது ஸ்பொன்சர் சான்று, பெற்று, புது விண்ணப்பம் போட்டு, முடிவு வந்த பிறகே அங்கே வேலை தொடங்கலாம். முதலாளியின் ஸ்பொன்சர் உரிமம் பறிபோனால் பொதுவாக 60 நாள் அவகாசம். உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியலை உள்துறை அமைச்சு இலவசமாக வெளியிடுகிறது; இங்கிலாந்தில் இப்படி வேலை இழந்தவர்களைப் புது முதலாளியோடு சேர்த்துவிடப் பிராந்திய அமைப்புகளும் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் அன்னதான வரிசையில் நின்று "சி.ஓ.எஸ். வித்துத் தாற ஆள் ஆரும் தெரியுமோ?" என்று கேட்பவருக்குக் காசும் போகும், இரகசியமும் போகும்.

வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்களுக்கு இந்த யோசனைகளில் முக்கால்வாசி உதவாது. போனே வீட்டுக்காரியின் கையில் இருக்கும்போது யாரோடு கதைப்பது? அவர்களுக்காக ஊரில் உள்ளவர்கள்தான் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தை அழைக்க வேண்டும். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

தம்பி பிறகு மாறிவிட்டான். வழி காட்டியது, முன்பு அவனோடு ஒரே அறையில் இருந்து, வேறு கம்பனிக்குப் போய்விட்ட நேபாளக்காரர். வேலை உறுதிக் கடிதம் கையில் கிடைத்த பிறகே விண்ணப்பம் போட்டான். இரண்டு மாத அறிவித்தல் காலமும் நாள் தவறாமல் வேலைக்குப் போனான். புது அடையாள அட்டை கிடைத்த அன்று பின்னேரம்தான் வீட்டுக்கு அழைத்தான். சின்னம்மா ஒரு கிழமையாக அவனோடு கதைக்கவில்லை. "பெத்த எனக்குமோ ஒளிக்கிறான்?" என்று எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அதைத் தங்கைக்கும் அனுப்பியிருந்தா.