குளத்தில் கிடைத்த கல்



2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெரம்பலூரிலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசி வழியாகச் சில படங்களை அனுப்பியிருந்தான். குன்னம் என்னும் ஊரில் குளத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் அவை. சில தேங்காய் அளவு. சில பூசணிக்காயையும் மிஞ்சும். "மாமா, இவை டைனோசர் முட்டைகளாம். ஊரெல்லாம் இதே பேச்சு. நீங்கள்தான் எல்லா அறிக்கைகளையும் மொழிபெயர்க்கிறீர்களே, உண்மையா என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான்.

கனிமங்களைப் பற்றிய அறிக்கைகளை மொழிபெயர்த்தவன் கனிமங்களை அறிந்தவன் ஆகிவிடுவானா? ஆயினும் மருமகன் கேட்டுவிட்டான், பேசாதிருக்க முடியவில்லை. ஆர்.கே.புரத்து வீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு வாரம் படித்தேன். அதற்குள் நிலவியல் அறிஞர்கள் கற்களைப் பார்த்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல என்று தெரிவித்துவிட்டார்கள். அவர்கள் அந்த முடிவுக்கு எவ்வாறு வந்தார்கள் என்பதே என் மனத்தைக் கவர்ந்தது. ஒரு கல் எங்கே பிறந்தது, எப்படிப் பிறந்தது என்று கண்டறியும் கலை நம் திருச்சிச் சீமையில் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தேறிய கலை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மலையிலுள்ள பாறை வெயிலாலும் மழையாலும் பொடிந்து, ஆற்று நீரோடு வந்து, கடலிலோ ஏரியிலோ படிகிறது. மேலே மேலே படியும் சுமையால் அடியிலுள்ளது இறுகுகிறது. இடையே ஊறும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் பிறவும் மணிகளை ஒட்டவைக்கும் சாந்தாகின்றன. இவ்வாறு உண்டாவதை நம் பாடநூல்கள் படிவுப் பாறை என்கின்றன. இலங்கைத் தமிழர் அடையற் பாறை என்பர். எனக்கு இலங்கைச் சொல்லே பிடித்திருக்கிறது. பாத்திரத்தின் அடியில் அடைவதைக் கண்டிருப்பவர்களுக்கு அது விளக்கமின்றியே விளங்கும்.

ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு 1834இல் பிறந்தவர். தம் சகோதரர் வில்லியத்துடன் 1855இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஒரிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியில் இருவரும் ஒரு புதிரைக் கண்டார்கள். மிக மெல்லிய வண்டற் படிவின் நடுவே பெரிய பெரிய பாறாங்கற்கள் புதைந்திருந்தன. மெல்லிய வண்டல் படியவேண்டுமானால் நீர் அசையாதிருக்க வேண்டும். பாறாங்கல்லை உருட்டவேண்டுமானால் நீர் சீறிப் பாயவேண்டும். இரண்டும் ஓரிடத்தில் எப்படி நேரும்? பனிக்கட்டி சுமந்துவந்து போட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிக்கட்டியா என்று பிறர் ஐயுற்றதில் வியப்பில்லை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பனியாறுகள் இருந்தன என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

பின்னர் பிளான்போர்டு நம் பக்கம் வந்தார். திருச்சி, அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய இடங்களில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1840களில் கே, கன்லிப் என்னும் இருவர் அவற்றைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்ப, எட்வர்டு போர்ப்ஸ் என்பவர் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். ஆனால் கூடையில் வந்த சிப்பிகளைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று கூறுவது கடினம். பிளான்போர்டோ சிப்பியைப் பின்தொடரவில்லை. அது கிடந்த அடுக்கைப் பின்தொடர்ந்தார்.

அவர் கண்டது இதுதான். மேற்கே மிகத் தொன்மையான கடினப் பாறை. அதன் விளிம்பிலிருந்து படிவுகள் தொடங்கி, கிழக்கு நோக்கி மெல்லச் சரிகின்றன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்காக நடப்பவர் பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்கு நடக்கிறார். ஊட்டத்தூரில் புறப்பட்டு அரியலூர் சேர்வதற்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்துவிடலாம்! அந்த அடுக்குகளை அவர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து, 1862இல் வெளியிட்டார். பின்வந்தோர் நின்னியூர் என்னும் நான்காவதைப் பிரித்தனரேயன்றி, அவர் வகுத்த அடிப்படையை மாற்றவில்லை. நம் சிற்றூர்களின் பெயர்கள் உலகத்து நிலவியல் நூல்களில் இன்றும் நிற்பதற்கு அவரே காரணம்.

கடினப் பாறையின் விளிம்பையொட்டிச் சுண்ணாம்புக் கல் திட்டுத்திட்டாக இருப்பதைக் கண்டு, இது கரையோரத்துப் பவளத் திட்டு என்று அவர் முடிவு செய்தார். பிற்கால ஆய்வாளர்கள் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, பவளத்துடன் சுண்ணாம்பு சுரக்கும் கடற்பாசிகளும் அதில் பெரும் பங்கு கொண்டிருந்தது தெரிந்தது. ஆனால் கடற்கரை அங்கே இருந்தது என்பதில் தவறில்லை. கருடமங்கலத்துச் சுண்ணாம்புக் கல்லை மெருகிட்டுப் பார்த்தவர்கள், அதில் சிப்பிகள் நெருங்கிக் கிடக்கும் அழகை மறக்கமாட்டார்கள்.

வெயிலில் அலைந்த அலைச்சலால் அவர் உடல்நலம் கெட்டு, 1862இல் அத்துறையை விட்டு விலகினார். தரையைப் பார்த்துத் தளர்ந்தவர் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. லோதி சாலையில் மௌசம் பவனைக் கடந்து செல்லும் தில்லித் தமிழர்களுக்கு, அத்துறையின் முதல்வர் ஒருகாலத்தில் அரியலூர்ப் புழுதியில் நடந்தவர் என்பது தெரிந்திருக்கட்டும். அவர் விட்ட இடத்தில் தொடர்ந்த ஸ்டோலிச்கா என்னும் அறிஞர், அச்சிப்பிகளைப் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து நான்கு பெருந்தொகுதிகள் எழுதி, 1874இல் லடாக் மலைப்பாதையில் உயிர் நீத்தார்.

இனி, குன்னத்து உருண்டைகளுக்கு வருவோம். அவற்றுள் சிலவற்றை உடைத்தால் நடுவே சுருள் வடிவமான ஓடு ஒன்று தென்படும். அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் ஓடு அது. நம் இல்லங்களில் பூசையிலிருக்கும் சாளக்கிராமமும், நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட் கல்லே. பிராணி இறந்து சேற்றில் புதைந்து அழுகும்போது, அதைச் சுற்றியுள்ள நீரின் தன்மை மாறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அந்த ஓட்டைச் சுற்றிப் படிந்து, சேற்றையும் சேர்த்துக் கட்டி உருண்டையாக்குகிறது. சுற்றியுள்ள சேறு பின்னர் சுமையால் நசுங்கித் தட்டையானாலும், முன்பே இறுகிவிட்ட உருண்டை நசுங்குவதில்லை. முட்டையானால் ஓடு தனியே தெரியும். அதில் மூச்சுத் துளைகள் இருக்கும். இங்கே உருண்டையும் சுற்றியுள்ள சேறும் ஒரே மண். மேலும், டைனோசர் முட்டையிட்டது தரையில். இந்தச் சேறோ கடலடிச் சேறு. இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

அதே ஊட்டத்தூர்க் களிமண்ணில் ஜிப்சமும் கிடைக்கிறது. அது அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நரம்பு நரம்பாக ஓடுகிறது. வெட்டுவது வெட்டப்படுவதற்குப் பிந்தியதாகத்தானே இருக்கமுடியும்? எனவே அது கடலில் படிந்ததன்று; களிமண் இறுகிய பின் வெடிப்புகளில் புகுந்த நீர் விட்டுச் சென்றது.

இவையெல்லாம் சிப்பி உள்ள சீமைக்குச் சரி. சிப்பியே இல்லாத கல்லை என்ன செய்வது? அதற்கு நான் ஊருக்குப் போகவேண்டியதில்லை. ஆர்.கே.புரத்தில் நாம் மலை மந்திர் என்று வழங்கும் சுவாமிநாதர் கோயிலுக்குப் போனால் போதும். 1973இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயில் கருங்கல்லால் ஆனது. அது நிற்கும் குன்றோ தில்லி முகட்டைச் சேர்ந்த குவார்ட்சைட் என்னும் பாறை. அது முதலில் வெறும் மணல். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன், ஓடுடைய பிராணிகளே தோன்றாத காலத்தில், நீரடியில் படிந்து மணற்கல்லாகிப் பின் நிலத்தின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இவ்வளவு கடினமாயிற்று. இதில் சாட்சி சொல்வன மணல் மணிகளே. 1849இல் ஹென்றி கிளிப்டன் சார்பி என்னும் ஆங்கிலேயர், கல்லை ஒளி புகும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தார். ஒவ்வொரு மணியும் எந்தத் தாய்ப்பாறையிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் உருண்டது என்று கேட்கும் வழி அன்று பிறந்தது.

இந்தப் பாறை பொடிந்த மணலைத்தான் தில்லிக் கொத்தனார்கள் பதர்ப்பூர் என்கிறார்கள்; நம் வீட்டுச் சுவர்களில் அது இருக்கலாம். அதன் நுண்தூசி நுரையீரலில் புகுந்தால் திரும்புவதில்லை. லால் குவான் பகுதியில் கல்லரைத்த தொழிலாளர் பலர் அந்நோயால் மாண்டனர். கல்லரைக்கும் ஆலைகளைத் தில்லியிலிருந்து அகற்றும்படி 1992இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

அரியலூரில் வேறொரு சங்கடம். 1939இல் கல்லக்குடியில் சிமெண்டு ஆலை தொடங்கியது முதல், பிளான்போர்டு ஆராய்ந்த சுண்ணாம்புக் கல் சூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சுரங்கம் தோண்டியதால்தான் அவர் காணாத ஆழத்து அடுக்குகளை இன்றைய ஆய்வாளர்கள் காண்கிறார்கள் என்பதும் மெய்யே. அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் அடுக்கே மறைவதும் மெய்யே. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆற்றோடு வந்து கடலில் புதைந்த மரம் அது. அதை 1940இல் அறிவித்தவர் நம் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். எல்லாவற்றையும் மரத்தைப் போல வேலியிட்டுக் காக்க முடியுமா?

இவற்றையெல்லாம் என் மருமகனுக்குத் தொலைபேசியில் விரிவாகச் சொல்லி, "கல்லை எடுக்காதே, தம்பி, கிடந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா அனுப்பிய வடக மூட்டையோடு உங்களுக்கு ஒன்று வைத்துவிட்டேனே, மாமா" என்றான்.

வந்து சேர்ந்தது. சிறிய தேங்காய் அளவு. காகிதச் சீட்டு ஒன்றில் ஊர்ப் பெயரும் நாளும் எழுதி அதன்மேல் ஒட்டினேன். எவ்வளவு ஆழத்தில், எந்த நிற மண்ணில், சுருளின் முகம் எப்பக்கம் நோக்கிக் கிடந்தது என்று கேட்டேன். கரையில் குவித்து வைத்திருந்ததிலிருந்து பொறுக்கினேன் என்று சொல்லிவிட்டான். சீட்டில் அந்த வரிகளுக்கு விட்ட இடம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது.