மைதானம் தேடி – 6: கோஷியென் மண்

ஒசாகாவிலிருந்து ஹன்ஷின் ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் கோஷியென். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே கொடி படர்ந்த சுவர் கண்ணில் படுகிறது. 1924இல் கட்டிய மைதானம். ஏறக்குறைய 47,000 பேர் உட்காரலாம். ஹன்ஷின் டைகர்ஸ் என்கிற தொழில்முறை பேஸ்பால் அணியின் சொந்த வீடு இது. ஆனால் ஆகஸ்ட் வந்தால் அவர்களே மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட வருகிறார்களாம்!

உடற்கல்வி படிக்கும் எங்கள் மாணவர்களுக்கு இதை நம்பவே முடியவில்லை. "ஸ்கூல் மேட்சுக்கா சார் இவ்வளவு கூட்டம்?" என்றான் ஒருவன். கூட்டம் மட்டுமா? அத்தனை ஆட்டத்தையும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நேரலையில் காட்டுகிறது.

1915இல் தொடங்கிய போட்டி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அவரவர் வட்டாரத்தில் மோதி, கடைசியில் 49 அணிகள் இங்கே வந்து சேர்கின்றன. ஒருமுறை தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மில் சங்கு மாதிரி சைரன் ஊதி ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள், முடிக்கிறார்கள். வென்ற பள்ளியின் பாடல் மைதானம் முழுக்க ஒலிக்கும். தோற்ற பையன்கள் தங்கள் பள்ளி கேலரியின் முன்னால் ஓடிப்போய், வரிசையாக நின்று குனிந்து வணங்குகிறார்கள். பிறகு அழுதுகொண்டே மைதானத்தின் கறுப்பு மண்ணைக் கையால் வாரிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1958இல் ஒகினாவா தீவிலிருந்து ஷுரி உயர்நிலைப் பள்ளி வந்தது. அந்தத் தீவிலிருந்து இங்கே ஆட வந்த முதல் அணி. முதல் சுற்றிலேயே தோல்வி. பிள்ளைகள் மண்ணோடு கப்பலேறினார்கள். ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்ததால், ஜப்பான் மண் அங்கே வெளிநாட்டு மண்! தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படி நாஹா துறைமுகத்தில் மண்ணைக் கொட்டவைத்துவிட்டார்கள். செய்தி கேள்விப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் கோஷியெனில் கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பினார்கள். கல்லுக்குச் சட்டத்தில் தடையில்லையே. அந்தக் கற்கள் இன்றும் அப்பள்ளியின் நினைவுச் சின்னத்தில் பதிந்திருக்கின்றன.

இதைக் கேட்டு எல்லோரும் உருகியபோது, கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் மாணவி மட்டும் வேறொன்று கேட்டாள்: "ஒரு பையன் எத்தனை பந்து சார் வீசுவான்?"

சரியான கேள்வி. 1998 காலிறுதியில் டைசுகே மட்சுசாகா என்ற பள்ளி மாணவர் 17 இன்னிங்ஸ் நின்று 250 பந்துகள் எறிந்தார். இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டி. அதில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. நாடே கொண்டாடியது. இதே மைதானத்தில் நடந்த 2013 வசந்தகாலப் பள்ளிப் போட்டியில் டோமோஹிரோ அன்ராகு என்ற 16 வயதுப் பையன் ஐந்து ஆட்டங்களில் எறிந்தது 772 பந்துகள். இப்படிக் கை தேய ஆடுவதை வீரம் என்று பார்த்துப் பழகிய நாடு அது. வாரத்துக்கு 500 பந்துகள்தான் என்ற கட்டுப்பாடு 2020இல்தான் வந்தது.

மாற்றம் வராமலில்லை. மொட்டைத் தலைதான் ஒழுக்கம் என்றிருந்த இந்த மைதானத்தில், 2023இல் முடி வளர்த்த கெய்யோ பள்ளிப் பையன்கள் 107 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றார்கள். மறு ஆண்டு, வெயிலுக்குப் பயந்து சில நாள் ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்தார்கள். ஆனாலும் வளரும் தோளுக்கு 500 பந்து அதிகம் என்பதே என் கட்சி. அந்த மாணவியின் கட்சியும் அதுவே.

(அடுத்த வாரம்: டோக்கியோ ரியோகோகுவில் சுமோ)