அமெரிக்கக் காரா, ஜப்பான் காரா? மலையகக் குடும்பம் எதை நம்பி வாங்குவது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள், நாட்டில் ஏற்கனவே இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. இறக்குமதி திறந்த பிறகும், வரியும் ரூபாவின் பெறுமதியும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத விலையிலேயே வைத்திருக்கின்றன. ஆகவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தில் வண்டி வாங்க நினைக்கும் குடும்பம் இன்றும் பார்ப்பது பத்து, இருபது, சில வேளை முப்பது வருடம் ஓடிய வண்டியைத்தான்.

அந்த வண்டி காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும். பகலில் மரக்கறி மூட்டை ஏற்றும். நடுச்சாமத்தில் லயத்திலிருந்து பிரசவ வலியெடுத்த பெண்ணை டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். கொழும்புக் கடையில் உழைத்த காசு, மத்திய கிழக்கிலிருந்து அம்மா அனுப்பிய காசு, அடகு வைத்த நகை, லீசிங் எல்லாம் அதற்குள் இருக்கும். வண்டி இரண்டு மாதம் கராஜில் நின்றால் தவணை தவறும். தவணை தவறினால் லீசிங் கம்பனி வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டோவையும் வானையும் தவணைக்கு எடுத்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு வண்டியை நம்பலாமா என்று இவர்கள் கேட்பது, வீட்டு வருமானத்தை நம்பலாமா என்று கேட்பதற்குச் சமம்.

இந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு தயார் பதில் உண்டு. ஜப்பான் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அமெரிக்க வண்டி என்றால் கராஜுக்குத்தான் உழைக்க வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் சொந்தக்காரர்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பிக் காசைக் கொட்டினால் நட்டம் வரும்.

ஒரே வரைபடம், இரண்டு தொழிற்சாலை

முதலில் உண்மையான பாதி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்ட் நிறுவனம், ஒரே வரைபடத்தின்படி ஓட்டோமேட்டிக் கியர்பொக்ஸ்களை இரண்டு இடங்களில் செய்வித்தது. ஒன்று ஒஹையோ மாநிலத்தில் உள்ள அதன் சொந்தத் தொழிற்சாலை. மற்றது ஜப்பானின் மஸ்தா. ஓடத் தொடங்கிய பிறகு, ஜப்பானில் செய்த கியர்பொக்ஸ்கள் பற்றி வந்த முறைப்பாடு மிகக் குறைவாக இருந்தது. இரண்டையும் கழற்றி அளந்து பார்த்தார்கள். அமெரிக்கப் பாகங்களும் அனுமதித்த அளவு எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் எல்லையின் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலுமாகப் பரவிக் கிடந்தன. மஸ்தாவின் பாகங்கள் எல்லாமே நடு அளவை ஒட்டி இருந்தன. பல்லும் பல்லும் சரியாகப் பொருந்தினால் சத்தம் குறையும், தேய்மானம் குறையும், வண்டி நீண்ட காலம் ஓடும்.

இந்த ஒழுங்கை ஜப்பானியர் ஓரளவு அமெரிக்காவிலிருந்தே கற்றார்கள். 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜப்பானுக்குப் போய், தரத்தைப் புள்ளிவிவரம் கொண்டு கட்டுப்படுத்தும் முறையை அங்குள்ள பொறியியலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் கற்பித்தார். மறு ஆண்டே அவர் பெயரில் ஜப்பானில் ஒரு பரிசு நிறுவப்பட்டது. அவரது சொந்த நாட்டுக் கார்க் கம்பனிகள் அவரைத் தேடிப் போனது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான்.

இனி மற்றப் பாதி. கலிபோர்னியாவின் பிரீமொன்ட் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராமல் நிற்பதற்கும், திடீர் வேலைநிறுத்தங்களுக்கும், மோசமான தரத்துக்கும் பேர்போனது. 1982இல் அதை மூடினார்கள். பின்னர் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாக அதை எடுத்து, 1984 டிசெம்பரில் மீண்டும் கார் செய்யத் தொடங்கின. வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு டொயோட்டாவின் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார்கள்.

மாறியது வேலைமுறை. பழைய ஆலையில் என்ன பிழை நடந்தாலும் வரிசை நிற்கக் கூடாது. புதிய முறையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தலைக்கு மேலே ஒரு கயிறு இருந்தது. பிழை கண்டால் அதை இழுத்து வரிசையை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. குறுகிய காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்ததற்கு நெருங்கி வந்தது. பின்னாளில் அந்த ஆலையிலிருந்து டொயோட்டா கொரோலாவும், ஏறக்குறைய அதே வண்டியே ஜெனரல் மோட்டர்ஸின் பிரிஸம் என்ற பெயரிலும் வெளிவந்தன. வண்டி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பழைய வண்டிச் சந்தையில் டொயோட்டா பெயருக்கே கூடிய விலை. அந்த வித்தியாசம் பெயருக்குக் கொடுத்த காசு.

இன்று இடைவெளி இன்னும் குறைந்துவிட்டது. மூன்று ஆண்டு ஓடிய கார்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை குறைபாடு என்று கணக்கிடும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் 2025 அமெரிக்கக் கணிப்பில், டொயோட்டாவின் லெக்சஸ் 140 குறைபாடுகளுடன் முதலிடம் பெற்றது. இரண்டாவதாக வந்தது ஜெனரல் மோட்டர்ஸின் பியூக், 143. டொயோட்டா பெயரிலான வண்டிகளுக்கு 162.

இங்கே ஏன் ஜப்பான் வண்டி மட்டும்?

அப்படியானால் நம் வீதிகளில் அமெரிக்கக் கார்கள் ஏன் இல்லை? தரம் இதற்கு ஒரு சிறு காரணம் மட்டுமே. இலங்கையில் இடப்பக்கமாக ஓடுகிறோம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஜப்பானிலும் அப்படியே. அமெரிக்காவில் இது தலைகீழ். இதோடு ஜப்பானின் சட்டமும் சேர்கிறது. அங்கே புதிய கார் மூன்று ஆண்டு முடிந்ததும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். செலவு அதிகம். அதனால் பலர் நன்றாக ஓடும் வண்டியையே விற்றுவிட்டுப் புதிதை எடுக்கிறார்கள். அந்த வண்டிகள்தான் ஏலத்துக்குப் போய், கப்பலேறி, ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் இங்கே இறங்குகின்றன.

பல்லாயிரம் வண்டி ஒரே வகையில் வந்ததும் மற்றவை தாமாக அமைந்தன. பஞ்சிகாவத்தையில் அதன் பாகம் கிடைக்கும். ஹட்டனில் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ் இருப்பார். ஒரு வண்டியைப் பழுதுபார்க்க முடிவதும் அதன் நம்பகத்தில் சேர்த்திதான். மிகச் சிறந்த அமெரிக்கக் கார் ஒன்று நுவரெலியாவில் ஒரு சென்சருக்காக ஒரு மாதம் காத்து நின்றால், இங்குள்ள குடும்பத்துக்கு அது மோசமான வண்டி.

பெயரும் உள்ளேயிருப்பதும் ஒன்றாக இருக்கும் என்பதுமில்லை. போர்ட் லேசர் என்ற பெயரில் ஆசியச் சந்தைக்கு வந்தது மஸ்தாவின் வண்டி. மறுபக்கம், மலை வீதிகளுக்குப் பழக்கமான மிட்சுபிஷி ஜீப், அமெரிக்காவின் வில்லிஸ் கம்பனியின் அனுமதியோடு 1953இலிருந்து ஜப்பானில் செய்யப்பட்டது.

இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்றதே நல்ல வண்டி என்பதை வடக்கில் இருந்தவர்கள் தம் அனுபவத்தில் அறிவார்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, யாழ்ப்பாணத்தில் ஆட்களைச் சுமந்தவை பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் பிரித்தானிய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. தரம் குறைந்த எரிபொருளையும் தட்டாமல் எரித்தன. கொம்பியூட்டர் வைத்த இன்றைய ஜப்பான் காருக்கு அந்த வேலை முடியாது.

மலை என்ன செய்கிறது

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு மூச்சும் பலமும் குறையும். தண்ணீர் 100 பாகையில் அல்லாமல் 94 பாகையளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடிக் கொதிநிலை உயரும். மூடி பழுதானால், கம்பளையிலிருந்து இறம்பொடை வளைவுகளில் ஆள் நிறைந்து ஏறும் வான் நடுவழியில் கொதித்துவிடும். சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினே போன கதைகள் ஒவ்வொரு கராஜிலும் உண்டு. பனி விழும் ஜனவரிக் காலையில் பழைய டீசல் வான் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கும், பெரும்பாலும் எஞ்சினைச் சூடாக்கும் பிளக்கோ பட்டரியோதான் காரணம்.

இறக்கம் இன்னும் ஆபத்தானது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் சேரச் சேர அது சீக்கிரம் கொதிக்கும்; கொதித்தால் ஆவி உண்டாகி, மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. மழையும் மூடுபனியும் உள்ள மலையகத்தில் இந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறக்குவது இன்னும் மோசம். எஞ்சின் கொடுக்கும் இழுவையும் போகும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குவது பழைய சாரதிகளின் விதி.

ஹைபிரிட் கார்களுக்கும் இது பொருந்தும். இறக்கத்தில் அவை மின்சாரத்தைச் சேமித்தபடி வேகத்தைக் குறைக்கும். நீண்ட இறக்கத்தில் பட்டரி நிறைந்துவிட்டால் அந்த உதவி குறைந்துவிடும். பிரியஸ், அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் கியர் நெம்புகோலில் உள்ள ‘பி’ என்ற நிலை இதற்காகத்தான்.

ஜப்பான் என்பதாலேயே எல்லாம் நன்று என்றுமில்லை. 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா பிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து முறை திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டது. இங்கே பெருமளவில் ஓடும் வண்டிகளில் அதுவும் ஒன்று. ஜப்பானின் தகாட்டா கம்பனி செய்த எயார்பேக்குகள், வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதடைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டு உலகெங்கும் உயிர்களைப் பறித்தன. அவை ஜப்பான் கார்களிலும் இருந்தன, அமெரிக்கக் கார்களிலும் இருந்தன. வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திருப்பியழைப்பு அதுதான்.

வாங்குமுன்

ஆகவே நாட்டைக் கேட்பதை விட்டு, கண் முன்னே நிற்கும் வண்டியைக் கேளுங்கள்.

செசி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தகாட்டா எயார்பேக் மாற்றப்பட்டதா, வேறு திருத்தங்கள் பாக்கியா என்பதை அதைக்கொண்டு முகவரிடமோ தயாரிப்பாளரின் இணையத்தளத்திலோ பார்க்கலாம். ஜப்பான் ஏலத் தாளையும் அதே இலக்கத்தால் தேடலாம். ஏலத் தாளில் 1,20,000 கிலோமீற்றர் என்று இருந்து, மீட்டரில் 60,000 காட்டினால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்னரே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, எஞ்சின் எண்ணெய் பால்நிறமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் எஞ்சின் ஒரு முறையாவது கொதித்திருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள்.

சமதரையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் தினமும் போகப்போகும் ஏற்றத்தில், ஆட்களை ஏற்றி ஓட்டுங்கள். அதே வழியில் இறங்குங்கள். முடிந்தவுடன் நான்கு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோய் வெப்பத்தையும் வாடையையும் பாருங்கள். தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஆகும் ஒரு நாள் கூலியை வண்டியின் விலையில் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள்.

வாங்கும் நாளிலேயே கையிலுள்ள முழுக் காசையும் கொடுத்துவிட வேண்டாம். முதல் மாதத்தில் பிரேக் எண்ணெய், பிரேக் லைனர், ரேடியேட்டர் மூடி, ஹோஸ், டயர் ஆகியவற்றுக்கு ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். அந்தத் தொகை இல்லாவிட்டால், அதற்கேற்ப விலை குறைந்த வண்டியைத் தேடுவதே நல்லது. ஜப்பானில் செய்ததோ அமெரிக்காவில் செய்ததோ, மலையில் வண்டியை நிறுத்த வேண்டியது அந்தப் பிரேக்தான்.