டி.பி.ஏ. என்னும் கணக்குப்பிள்ளை

வரன் பார்க்கப் போகிற இடத்தில் "பையனுக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். "கம்ப்யூட்டரில் என்ன?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் சங்கடம். என் அக்கா மகன் இதே புனேயில் டி.பி.ஏ.வாக இருக்கிறான், பதினான்கு வருஷ சர்வீஸ். அக்காவோ இன்றைக்கும், "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிக்குது, எழுந்து உட்கார்ந்துடறான். வாட்ச்மேன் உத்தியோகமாடா இது?" என்று என்னிடம் குறைப்படுகிறாள். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் உண்டு. பாத்திர வியாபாரியான நான் இதை முறையாகப் படித்தவனல்ல. அவனைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதைச் சொல்லப் பார்க்கிறேன்.

டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதன் சுருக்கமே டி.பி.ஏ. தரவுத்தள நிர்வாகி என்று கலைச்சொல் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கோ கணக்குப்பிள்ளை என்ற பழஞ்சொல்லே நெருக்கமாகப் படுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கணக்குப்பிள்ளை தானே எழுதுவார். இங்கே எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில் வெளியே இருக்கிறார்கள்; இவன் ஏட்டைக் காப்பவன்.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் கோட் என்ற அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தரவுகளை அட்டவணைகளாக வைத்தால், எது எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாமலே வேண்டியதைக் கேட்டு வாங்கலாம் என்பது அதன் சாரம். அந்தக் கருத்தின் வழியில் வந்த ஆரக்கிள் 1979-இல் விற்பனைக்கு வந்தது. இந்த உத்தியோகம் பெருகியதற்கு அதுவே வேர்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் நம் பழைய மண்டிக் கணக்குதான். நாம் முதலில் நாள்வழியில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவோம் அல்லவா? தரவுத்தளமும் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாள்வழியில் குறித்துக்கொண்ட பிறகே "ஆயிற்று" என்று பதில் சொல்கிறது. நடுவில் மின்சாரம் போனால், எழுந்ததும் நாள்வழியைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்கிறது. அப்பா கணக்கிலிருந்து 5,000 ரூபாய் கழிந்து, மகள் கணக்கில் சேராமல் நின்றுவிடக் கூடாது. இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. பொங்கலுக்கு ஊர் போக நாம் ஆயிரம் பேர் ஒரே நொடியில் கடைசி பெர்த்துக்கு அடித்துக்கொள்கிறோமே, அப்போதும் ஒருவர் எழுதி முடிக்கும்வரை அந்த வரியைப் பூட்டிவைத்து, அடுத்தவரைக் காக்கவைப்பது இதுதான்.

ராத்திரிப் போனுக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஷட்டரை இறக்கிய பிறகு வங்கிகளின் கணினிக்குப் பராமரிப்பு செய்ய நேரம் கிடைத்தது. 2019 டிசம்பரில் நெஃப்ட்டும், 2020 டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ்ஸும் 24 மணி நேரமும் நடக்கத் தொடங்கின. ஷட்டரே கிடையாது. அதனால் இன்னோர் இடத்தில் இரட்டைப் பிரதி ஒன்றை ஓடவிட்டு, முதலில் அதில் வேலையை முடித்து, வியாபாரத்தை அதற்கு மாற்றிவிட்டு, பிறகு மூலத்தில் கை வைக்கிறார்கள். கூட்டம் குறைவான நேரம் எதுவென்றால் ராத்திரி ரெண்டு மணிதான், அக்கா!

பிரதி விஷயம் பெரிது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. போயிற்று. பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு காரியத்துக்காக எடுத்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்தது, பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டது அவர்கள் பெருந்தன்மை. எங்கள் சமணருக்கு இது புதுச் செய்தியல்ல. ஷட்கண்டாகமச் சுவடிகள் பல நூற்றாண்டுகள் கர்நாடகத்து மூடபித்ரியில் மட்டுமே தங்கியிருந்தன. படியெடுக்கப்பட்டு, 1939 முதல்தான் உரையுடன் அச்சேறின. அதுவரை ஒரு கரையான் புற்று போதுமாயிருந்தது. சுவடியைப் படியெடுத்துக் கொடுப்பதைச் சாஸ்திர தானம் என்று முன்னோர் வைத்தது சும்மாவா?

வளர்ச்சி உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். முதல் சில வருஷம் ஷிப்டில் உட்கார்ந்து எச்சரிக்கை மணி பார்ப்பதுதான். சலிப்பான வேலை, பலர் இங்கேயே விலகிவிடுகிறார்கள். பிறகு மெதுவாய் ஓடும் கேள்விகளை வேகப்படுத்தும் வித்தை. நூலின் பின்னால் சொல்லடைவு இருந்தால் தேடுவது சுலபம். ஆனால் புது வரி எழுதும்போதெல்லாம் சொல்லடைவையும் திருத்தியாக வேண்டும். எத்தனை வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். 2009-இல் அமேசான் இதை வாடகைச் சேவையாகத் தரத் தொடங்கியபின், பிரதி எடுப்பது போன்ற அன்றாட வேலைகள் பலவற்றை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. என் மருமகனும் ஒரு சமயம், "மாமா, விட்டுட்டு உங்க கடைக்கே வந்துடறேன்" என்றான். நான் சரியென்று சொல்லவில்லை. ஆரக்கிளோடு நிற்காமல் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரஸையும் கற்றான். இப்போது அட்டவணைகளை எப்படி அமைப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறான். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு அந்த இரண்டாவது வேலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

போன தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வந்தவன், "மாமா, உங்க கணக்குக்கு பேக்கப் இருக்கா?" என்றான். பெருமையாகப் பென் டிரைவை எடுத்து நீட்டினேன். "வச்சிருக்கறது முக்கியமில்லே, திரும்ப வருதான்னு பார்க்கணும்" என்று தன் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தான். கடைசி மூன்று மாதம் அதில் இல்லவே இல்லை. இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. மாதா மாதம் முதல் ஞாயிறன்று அவன் அதைத் திறந்து பார்க்கிறான்.